அவர் காரைத் திருடவில்லை

1

எனக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்த்தேன். ஒருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. கடைசிப் பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை.

துறையூர்ப் பக்கத்தில் இருக்கும் உங்கள் ஊர் என் புருஷன் பிறந்த ஊர். நான் அதைப் பார்த்ததில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக் கப்பலேற்றிய குழந்தை நான். கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் இங்கே நெகிரி செம்பிலான் தோட்டத்தில்தான். கோயில் குடமுழுக்கு மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று உங்களிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பக்கத்தில் அடக்க எனக்குத் தெரியாது. அதிகமாகப் போனால் முன்னால் வெட்டுங்கள், பின்னால் வெட்டுங்கள். நடுவில் கை வைக்காதீர்கள்.

போன மாதம் என் கடைசி மகனின் மகள் லோகா தமிழ்நாடு சுற்றிப் பார்க்க வந்தவள், உங்கள் ஊருக்கும் ஒரு நாள் வந்தாள். பங்காளி வீட்டில் கோழி அடித்துச் சோறு போட்டீர்கள். அதற்கு நன்றி. சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையிடம் ஒரு பெரியவர் சொன்னாராம்: “உன் தாத்தன் மலாயாவுல வெள்ளைக்காரன் காரைத் திருடி மாட்டிக்கிட்டவன். அவனைக் காட்டிக் குடுத்ததே உன் அப்பாயிதான். அவனே சொல்லியிருக்கான்.”

இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. என் புருஷன் காரைத் திருடவில்லை. நான் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் என் கட்டைவிரல் ரேகை அந்தக் காகிதத்தில் இருந்தது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

2

லோகா மோட்டார் மெக்கானிக். பெண்பிள்ளைதான். லுக்குட்டில் ஒரு பட்டறையில் வேலை. மம்பாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறாள். ஆறாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு தமிழ் அவள் வாயில் பாதியும் மலாய் பாதியுமாக இருக்கிறது. காரைக் கெரெத்தா என்பாள். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். என்னோடு பேசுவதற்காவது தமிழை வைத்திருக்கிறாளே.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. என் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போனில் கார் ஓடுவதைப் பார்ப்பாள். ஊரிலிருந்து வந்ததிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று விட்டுவிட்டேன். போன ஞாயிறு அவளாகவே போனை நீட்டினாள்.

“அப்பாயி, இங்க பாருங்க. நானூறு தாண்டுது லா!”

“என்ன நானூறு?”

“கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு. இது ரேஸ் வண்டி இல்ல, கடையில விக்கற கெரெத்தா.”

“அவ்வளவு அவசரமா எங்க போறான்?”

“எங்கயும் போகல. கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வருவான்.”

“எதையாவது மறந்துட்டு வந்துட்டானா?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் கூடிவிடும். அதனால் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்ட வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால்தான் ரெக்கார்டு. வண்டியும் கடையில் விற்கிற மாதிரியே இருக்க வேண்டுமாம்.

“இந்தச் சட்டம் எனக்குத் தெரியும்” என்றேன்.

“போங்க அப்பாயி. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் ஒவ்வொரு காலத்திலும் எந்த வண்டி முதலில் வந்தது என்று பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். வண்டிகள் பழசாகிக்கொண்டே வந்தன. ஓர் இடத்தில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். நீள மூக்கு, தாழ்ந்த உடம்பு, கூரை இல்லை, இரண்டே ஆள் உட்காரலாம். கறுப்பு வெள்ளைப் படம். இருந்தாலும் அதன் நிறம் எனக்குத் தெரியும். பிஞ்சு வெள்ளரிக்காயின் பச்சை.

“இந்த வண்டியைத்தான் உன் தாத்தா ஓட்டினார்” என்றேன்.

அப்போதுதான் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உங்கள் ஊரில் கேட்டதைச் சொன்னாள். இத்தனை நாளும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டே என் காலுக்குத் தைலம் தேய்த்திருக்கிறாள்.

3

அது அவசரகாலம். உங்கள் நாட்டு எமர்ஜென்சி இல்லை. அதற்கு ரொம்ப வருஷம் முந்தி, இங்கே வெள்ளைக்காரன் ஆண்ட காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். பால் வெட்டப் போகும்போது ஒரு கைப்பிடி சோறு கொண்டுபோக முடியாது. கேட்டில் மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும்வரை ரோட்டில் ஒரு வண்டி ஓடக்கூடாது.

தோட்டத்துத் துரைகளைக் காட்டுக்காரர்கள் மறைந்திருந்து சுட்டார்கள். அதனால் துரைமார் எல்லாரும் காருக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். கண்ணாடி இருக்கும் இடத்தில் கோடு மாதிரி ஓர் ஓட்டை. தகரப் பெட்டி நடந்து போகிற மாதிரி இருக்கும். எங்கள் துரை மட்டும் தகடு அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கப்பலில் புதுக் கார் வரவழைத்தார். உலகத்தில் கடையில் விற்கிற வண்டியில் இதுதான் முதல் வேகம். வெளிநாட்டில் ரோட்டை அடைத்து ஓட்டிப் பார்த்தபோது, மணிக்கு நூற்று முப்பது மைலுக்கு மேல் போய்விட்டது. இதைத் துப்பாக்கிக் குண்டுகூடத் துரத்திப் பிடிக்காது என்று பெருமையடித்தார்.

என் புருஷன் அந்தத் துரையின் டிரைவர். பேர் முத்தையன். இத்தனை வயதிலும் என் வாயால் அந்தப் பேரைச் சொன்னதில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற லோகா அதைத் தானாகப் போட்டுக்கொள்கிறாள். துரைக்கு வண்டி வாங்கத் தெரியும். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இவருக்குத்தான் தெரியும். வெயிலில் இஞ்சின் கொதிக்கும் என்று காலையிலேயே சூடு பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். காலில் இஞ்சினின் துடிப்பு தெரிய வேண்டுமாம்.

“என்னைத் தொடும்போது இவ்வளவு பதனமாத் தொட்டதில்ல” என்று ஒருநாள் சொன்னேன்.

“உனக்கு என்ன, தண்ணியும் எண்ணெயும் நீயே பாத்துக்குவே” என்றார்.

அப்படிப் பேசுகிற மனுஷன்.

துரைமார் கிளப்பில் எங்கள் துரையைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். ரெக்கார்டு போட்டது கம்பெனிக்காரன் தனியாக முறுக்கி வைத்த வண்டி. உன் கையில் இருப்பது அந்த வேகம் போகாது என்று. துரைக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் தோட்டத்தை ஒட்டிக் கடற்கரைப் பக்கமாகப் போகிற ரோடு மூன்று மைலுக்கு வளைவில்லாமல் இருந்தது. பகலில் மாட்டு வண்டி, சைக்கிள், லோரி எல்லாம் ஓடும். ஊரடங்கு எடுக்கிறதற்கு முன்னால், வெளிச்சம் வந்த அரைமணி நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். போலீசிடம் கேட்கவில்லை. துரைதானே, யார் கேட்பது என்று நினைத்துக்கொண்டார்.

4

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். டிரைவர் வீடு பங்களாவுக்குப் பின்னால், வேலிக்கு உள்ளே. புது வேலைக்கு வண்டியை இறக்கினால் பூசை போடாமல் எடுக்கமாட்டார் என் புருஷன். ஆகவே நான்தான் தட்டில் சந்தனம், குங்குமம், சூடம், நான்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு ரோட்டோரத்துக்குப் போனேன்; துரையோடு போனதால் கேட்டில் தடுக்கவில்லை. அந்த நீள மூக்கில் மூன்று விரலால் சந்தனம் பூசினார். துரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துத் துரைமாருக்குத் தமிழ் தெரியும். பரீட்சை எழுதிப் பழகிய தமிழ்.

“முத்தையா, இந்தப் பழம் என்ன செய்யும்?”

“வண்டியைக் காப்பாத்தும் துரை.”

“இரும்புத் தகடு போல?”

“அதைவிடக் கனம் கம்மி துரை.”

துரை சிரித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரே ஏறி எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு மைல் கல்லில் காவல்காரன் ஒருத்தன் வெள்ளைத் துணியோடு நின்றான். வண்டி தாண்டும்போது துணியை இறக்குவான். அடுத்த மைல் கல்லில் எங்கள் பெரிய கிராணி கையில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்திருந்தார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளைச் சட்டை, படித்தவர். நான் தட்டோடு அவருக்குப் பின்னால் மரத்தடியில் நின்றேன்.

துரை ஒரு தடவை ஓட்டினார். முப்பத்தெட்டு விநாடி என்றார் கிராணி. துரை இறங்கினார். முகம் வேகவைத்த நண்டு மாதிரி இருந்தது. இரண்டாம் தடவைக்கு ஏறவில்லை. சாவியை என் புருஷன் கையில் கொடுத்தார். அவர் கையிலிருந்து இவர் கைக்கு. கிராணியும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

“நீ போ முத்தையா. போய்த் திரும்பி வா. ரெண்டு பக்கமும் வேண்டும். நடுவில் நிற்காதே.”

எனக்கு அப்போது நான்காவது பிள்ளை வயிற்றில். சத்தம் முதலில் வரவில்லை. ரோடு அதிர்ந்தது காலில் தெரிந்தது. பிறகு ஒரு பச்சைக் கோடு. அவ்வளவுதான் நான் பார்த்தது. போகும்போது முப்பத்தொன்று. போனவர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வரும்போது முப்பது. கிராணி எழுந்து நின்றுவிட்டார். “அடேயப்பா” என்று வாய்விட்டுச் சொன்னார்.

லோகா எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனில் கூட்டிப் பெருக்கிப் பார்க்கிறாள். “நூத்திப் பதினெட்டு மைல் அப்பாயி! அந்த ரோட்டுல, அந்த டயர்ல! தாத்தா பைத்தியமா?” உலக ரெக்கார்டு இல்லை, அதற்குக் கீழேதான் என்றும் சொல்கிறாள். தெரியும். ஆனால் வெளிநாட்டில் ஓட்டியபோது முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டினார்களாம், இவள்தான் படித்துச் சொல்கிறாள். இவர் எதையும் கழற்றவில்லை. கழற்றியது செருப்பு மட்டும்.

துரை தோளைத் தட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். இவர் கவனிக்கவில்லை. இவர் என்னிடம் வந்து காதோரம் சொன்னார்:

“அந்த வேகத்துக்கு பிரேக் சீக்கிரம் புடிக்கல புள்ள. ரோட்டு முடிவுல பட்டாளத்துக்காரன் தடுப்பு வரைக்கும் போயிட்டேன். நில்லுன்னு கை காட்டினாங்க. துரை நிக்காதேன்னு சொல்லிட்டாரு. யாரு பேச்சைக் கேக்கறது? திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். துரை மெதுவாகப் போனதால் பாதியிலேயே திரும்பிவிட்டார். அவரைப் பட்டாளம் பார்க்கவில்லை. வேகமாகப் போனவரைப் பார்த்துவிட்டது.

5

சங்கு ஊதி ஒரு மணி நேரத்துக்குள் பட்டாள ஜீப் பங்களாவுக்கு வந்தது. ஊரடங்கு நேரத்தில் ஒரு கார் தடுப்புவரை வந்து, நிற்கச் சொல்லியும் நிற்காமல் திரும்பி ஓடியது. யார் ஓட்டியது, யாருக்குச் சேதி கொண்டுபோனான் என்று கேட்டார்கள். துரை மாடிப்படியில் நின்று இங்கிலீஷில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கையை நீட்டிக் காட்டியது புரிந்தது. கிராணி தரையைப் பார்த்தார். என் புருஷனை ஜீப்பில் ஏற்றினார்கள். பூசைக்கு இட்ட சந்தனம் நெற்றியில் அழியவில்லை.

மூன்றாம் நாள் கிராணி என் வீட்டுக்கு வந்தார். அதுவரை எந்தக் கிராணியும் டிரைவர் வீட்டு வாசல் மிதித்ததில்லை. முக்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“அங்கம்மா, உன் புருஷனை வெளியில எடுக்க வேணும். மனு ஒண்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். விரல் வை.”

“துரை கையால சாவி குடுத்ததை எழுதியிருக்கீங்களா ஐயா?”

“எல்லாம் எழுதியிருக்கு.”

“எலுமிச்சம்பழம் நசுக்கினது?”

“எல்லாம் எழுதியிருக்கெண்டு சொன்னனே.”

காகிதம் முழுக்க இங்கிலீஷ். தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். கிராணி காகிதத்தை நீட்டினால் கட்டைவிரலை நீட்டுவோம். பேர் பதிய, பிள்ளை பிறந்ததைச் சொல்ல, செத்ததைச் சொல்ல, எல்லாவற்றுக்கும் அவர் எழுதுவார், நாங்கள் விரல் வைப்போம். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பது அவரைப் பொய்யன் என்று சொல்கிற மாதிரி. கேட்க வேண்டும் என்று என் நாக்கு வரை வந்தது. வீடு தேடி வந்த மனுஷனை அவமானப்படுத்தக் கூடாது என்று விழுங்கிவிட்டேன். அவரே மை டப்பாவைத் திறந்தார். அவரே என் விரலைப் பிடித்து அழுத்தினார். நான் கும்பிட்டேன். அவரைக் கும்பிட்டேன், கேளுங்கள்.

6

நான்கு மாதம் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பிறகு, ஊருக்குக் கப்பலேற்றப்போகிறார்கள், கடற்கரை முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கறிகாய் லோரிக்காரர் சேதி சொன்னார். அனுமதிச் சீட்டு வாங்கி, நிறைமாத வயிற்றோடு பஸ் மாறி மாறிப் போனேன். வேலிக்கு வெளியே நின்றேன். காவலுக்கு இருந்தவர் தமிழ் போலீஸ்காரர். உள்ளே போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

“வரமாட்டேங்கறார் தங்கச்சி.”

“நான் யாருன்னு சொன்னீங்களா?”

“சொன்னதாலதான் வரமாட்டேங்கறார்.”

அவர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஏன் தங்கச்சி அப்படி எழுதிக் குடுத்தே? விசாரணையில வாசிச்சுக் காட்டினாங்களாம். என் புருஷன் துரைகிட்டக் கேக்காம வண்டியை எடுத்தார், எங்க போனார்னு எனக்குத் தெரியாது, காட்டுக்காரங்களோட பழக்கம் உண்டா இல்லையான்னு என்னால சொல்ல முடியாதுன்னு. கீழே உன் விரல் ரேகையைக் காட்டினாங்களாம். அதுவரைக்கும் சத்தம் போட்டுக்கிட்டிருந்த மனுஷன், அதுக்கப்புறம் வாயே திறக்கலயாம்.”

“நான் அப்படிச் சொல்லல அண்ணே. போய்ச் சொல்லுங்க, நான் சொல்லலன்னு.”

அவர் போய்ச் சொன்னார். திரும்பி வந்து தலையை ஆட்டினார். மாலைவரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் எத்தனையோ ஆண்கள் நடந்தார்கள். இவர் வரவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்தில், அத்தனை ஆள் முன்னால், கிராணியை நிறுத்தினேன்.

“ஏன் ஐயா அப்படிச் செஞ்சீங்க?”

“மெதுவாப் பேசு. உன்னையும் பிள்ளைகளையும் அதே கப்பலில ஏத்தாமல் காப்பாத்தினது அந்தக் காயிதம்தான்.”

“ஏத்தியிருந்தா அவரோட போயிருப்பேனே ஐயா!”

அவர் வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவைச் சரிசெய்துகொண்டு ஆபீசுக்குள் போனார். துரை அடுத்த மாதம் காரை விற்றுவிட்டார். அதை ஓட்ட வேறு டிரைவர் கிடைக்கவில்லை என்று சாக்கு. துரைமேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் இல்லை. வெள்ளைக்காரன் தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். தமிழ் பேசி, என் விரலைப் பிடித்து அழுத்திய கை வேறு.

7

பங்களாவுக்குப் பின்னால் இருந்த வீட்டை அன்றே காலி செய்தேன். லயத்துக்கு வந்து பால்வெட்டு வேலை கேட்டு வாங்கினேன். கப்பல் போன மூன்றாம் வாரம் லோகாவின் அப்பன் பிறந்தான். அந்த வருஷமே பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் என் பேரை எழுதப் பழகினேன். ‘ங்’ வளைவதற்கு ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு நான் எந்தக் காகிதத்திலும் கட்டைவிரல் வைத்ததில்லை. குடியுரிமைக்குப் போனபோது ஆபீசில் புருஷன் எங்கே என்று கேட்டார்கள். நாடு கடத்தப்பட்டவர் என்றதும், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை கொடுத்தார்கள். குடிமக்களுக்கான நீல அட்டை கைக்கு வர எழுபது வயது தாண்டிவிட்டது. கையெழுத்துப் போடச் சொன்ன ஒவ்வோர் இடத்திலும் வாசித்துக் காட்டச் சொல்லி நின்றேன். “இந்தக் கிழவி தொல்லை” என்று மலாயில் சொன்னார்கள். எனக்கு மலாய் தெரியும்.

உங்கள் ஊருக்கு ஒன்பது கடிதம் ஆள் வைத்து எழுதி அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் வாசித்தாரா, வாங்கவே இல்லையா, தெரியாது. அவர் செத்த சேதிகூட எட்டு மாதம் கழித்து வேறு ஊர்க்காரர் மூலமாக வந்தது. நான் தாலியைக் கழற்றியபோது அவர் சாம்பல் எப்போதோ கரைந்துபோயிருக்கும். என்மேல் வைத்த கோபத்தோடு போனார் என்பதை உங்கள் பெரியவர் வாயால்தான் உறுதியாக அறிந்தேன்.

ஊர்க்காரர்களே, அவர் காதுக்குப் போகாததை உங்கள் காதுக்குச் சொல்கிறேன். துரை தன் கையால் சாவி கொடுத்தார். அவர் துரை சொன்னபடி போனார், சொன்னபடி நிற்காமல் திரும்பி வந்தார். அந்த ரோட்டில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக ஒருத்தரும் போனதில்லை. இதை மலரில் போடுங்கள். அவர் பேரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கார் திருடினவர் என்று இனிமேல் சொல்லாதீர்கள். என்னைப் பற்றி என்ன சொல்வீர்களோ, அது உங்கள் இஷ்டம்.

லோகா கையை உதறிக்கொள்கிறாள். “முடிஞ்சிச்சா அப்பாயி? கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நாளைக்கு லுக்குட்டுல போஸ்ட் பண்ணிடறேன்.”

“முதல்லேருந்து வாசி.”

“ஐயோ, இவ்ளோ நீளமா இருக்கு லா! நீங்க சொன்னதைத்தானே எழுதினேன். என்மேலகூட நம்பிக்கை இல்லயா?”

“உன்மேல நம்பிக்கை இருக்கு. அந்த ஆளு மேலயும் இருந்துச்சு. வாசிடி.”